மண்ணின் மூச்சும் அணுவெடிப்பின் சான்றும்

தோற்றுவாய்

நெடுநாள் புழக்கமின்றிக் கிடந்த கிணற்றில் தூர் வார இறங்குமுன், விளக்கொன்றை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பது நம் ஊர்ப் பெரியோரின் வழக்கம். சுடர் நின்று எரிந்தால் இறங்குவர். சோர்ந்து அணைந்தால் அன்று எவரும் இறங்கார். மண்ணுக்குள்ளும் ஒரு காற்று உண்டு, அது மேலே நாம் உயிர்க்கும் காற்றைப் போன்றதன்று என்னும் உண்மையைப் பள்ளி சென்றறியாத உழவரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்வழக்கமே போதும். அவர்தம் விளக்கு உணர்த்தியது உயிர்வளி குறைந்து கரியமில வாயு மிகுந்திருத்தலை. எவ்விளக்கும் காட்டாத வேறு சில வாயுக்களும் அம்மண்ணிடைக் காற்றில் உள்ளன. அவை கதிரியக்கம் உடையவை; அளவில் மிக நுண்ணியவை. இன்று ஒரு நாடு நிலத்தின் அடியில் மறைவாக அணுவெடிப்பு நிகழ்த்திற்றா இல்லையா என்று உலகம் வழக்காடும் வேளையில், இறுதிச் சான்றாக அழைக்கப்படுவன அவ்வாயுக்களே. அச்சான்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

தமிழ்த்துறை மலரில் அணுவியல் கட்டுரைக்கு இடமுண்டோ என வினவுவோர் இருக்கலாம். நாம் இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. சுவடியில் ஒரு வரியைக் கண்டவுடன் அதனை இடைச்செருகல் என்று பதிப்பாசிரியர் தள்ளிவிடுவதில்லை. ஏடெழுதியவர் வழக்கமாகச் செய்யும் பிழைகள் எவை, ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டா, ரகரமும் காலும் அவர் கையில் ஒன்றுபோல் அமைகின்றனவா என்பனவற்றை முதலில் அறிந்து, அதன் பின்னரே ‘இது பிறர் கை’ என்று துணிவார். உ.வே. சாமிநாதையர் போன்றோர் பல ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்ததன் பயன் இதுவே. நிலத்தடிச் சோதனையைக் கண்டறியும் அறிவியலாரும் இதே முறையைத்தான் கையாள்கின்றனர். மண் தன் இயல்பில் எவ்வளவு கதிரியக்கம் உடையது என்பதை அறியாமல், ‘இக்கதிரியக்கம் குண்டினால் வந்தது’ என்று எவரும் கூறவியலாது.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

மண் யாவும் சிறிதளவேனும் கதிரியக்கம் உடையது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய மூன்றும் பூமி தோன்றிய நாள் தொட்டுப் பாறையில் உள்ளன. யுரேனியம்-238 படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயு ஆகிறது. முன்னவை திண்மங்கள், இருந்த இடத்தைவிட்டு எளிதில் பெயரா. ரேடானோ வாயு ஆகலின் மணற்பருக்கைகளின் இடைவெளியில் நுழைந்து மேலே எழுகிறது. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாட்கள், அஃதாவது இன்று உள்ள ரேடானில் பாதி 3.8 நாட்களில் அழிந்துபோம். அழியுமுன் மேற்பரப்பை எட்டுவதே காற்றில் கலக்கிறது. வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்குப் பத்துப் பெக்கரல் அளவில் உள்ள ரேடான், ஒரு மீட்டர் ஆழத்து மண்ணிடைக் காற்றில் பல்லாயிரம் பெக்கரலாக இருத்தல் இயல்பு. (ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.) மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுதோறும் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், அதில் பாதிக்கு மேற்பட்டது ரேடானாலும் அதன் வழித்தோன்றல்களாலும் வருவது.

இயற்கைக் கதிரியக்கம் இடத்துக்கிடம் எத்துணை மாறும் என்பதற்குத் தமிழகத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1909-ஆம் ஆண்டளவில் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருத்தலைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் மிகுதி. அந்நாளில் தோரியத்துக்கு இருந்த பெரும்பயன் வாயு விளக்குகளின் மேண்டில் வலை செய்வது. திருமண வீடுகளிலும் மீலாது ஊர்வலங்களிலும் நாம் இளமையில் கண்ட பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்ணொளிக்கும் அதே வலையே காரணம். கயிற்றைப் பின்தொடர்ந்து வந்த ஷாம்பர்க் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது அவ்வூரும் நம்மிடம் வந்தது. அங்கும், கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் மக்கள் தலைமுறை தலைமுறையாக உலகச் சராசரியினும் பன்மடங்கு மிகுந்த இயற்கைக் கதிர்வீச்சிடையே வாழ்கின்றனர். கருநாகப்பள்ளி மக்களிடையே நெடுங்காலம் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. அக்கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாக அவ்வாய்வு காணவில்லை. அது வேறொரு பொருள், ஈண்டு விரித்தற்கில்லை. நமக்கு வேண்டியது இதுவே: மணவாளக்குறிச்சி மண்ணில் இயல்பாக இருக்கும் அளவு வேறோர் ஊரில் தோன்றினால், அவ்வூரார் திடுக்கிடுவர்.

நிலத்தடியே சோதனை சென்ற கதை

1945 முதல் உலகில் நிகழ்ந்த அணுவெடிப்புச் சோதனைகள் 2000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலத்தடியில் நிகழ்ந்தவை. தொடக்கத்தில் வான்வெளியிலேயே குண்டுகளை வெடித்தனர். கதிர்த்துகள் மழையோடு கலந்து பாலிலும் பயிரிலும் ஏறிற்று. சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 1954 ஏப்ரலில் இந்திய நாடாளுமன்றத்தில் நேரு குரல் கொடுத்தார். 1963-இல் உருவான உடன்படிக்கை வான்வெளி, விண்வெளி, நீரடி ஆகிய மூவிடத்தும் சோதனையைத் தடுத்தது; இந்தியாவும் அதில் கையொப்பமிட்டது. நிலத்தடி மட்டும் விலக்காக நின்றது. விலக்கானதற்குக் காரணம், நிலத்தடியில் நிகழ்வதைத் தொலைவிலிருந்து உறுதியாகக் கண்டறிய இயலுமா என்பதில் வல்லரசுகளுக்குள் உடன்பாடு ஏற்படாமையே.

நிலத்தடியில் வெடித்தால் கதிரியக்கம் முழுவதும் உள்ளேயே அடங்கிவிடும் என்பதும் எப்போதும் மெய்யாகவில்லை. பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவின் சகாராவில் இன் எக்கர் என்னுமிடத்துக் கருங்கல் மலைக்குள் 1962 மே 1 அன்று நிகழ்த்திய சோதனையில், சுரங்கத்தின் அடைப்பு உடைந்து கதிரியக்க முகில் வெளிப்பட்டது. பார்வையிட வந்த அமைச்சர்களே ஓட நேர்ந்தது. 1970 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் பேன்பெரி என்னும் சோதனையின்போதும் நிலம் பிளந்து புகைத்தூண் எழுந்தது. இவை கண்ணுக்குத் தெரிந்த கசிவுகள். கண்ணுக்குத் தெரியாமல் மெல்லக் கசிவனவே நம் ஆய்வுப் பொருள்.

இந்தியாவின் முதற்சோதனை 1974 மே 18 அன்று இராசத்தானத்துப் பொக்ரானில், 107 மீட்டர் ஆழத்தில் நிகழ்ந்தது. 1998 மே 11 அன்று மூன்றும் மே 13 அன்று இரண்டுமாக ஐந்து சாதனங்கள் அங்கேயே வெடிக்கப்பட்டன. அவற்றை முன்னின்று நடத்தியோருள் இருவர் தமிழகம் தந்த அறிஞர்கள்: இராமேசுவரத்து ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்; சென்னையிற் பிறந்த இரா. சிதம்பரம். இருவரும் இன்று நம்மிடையே இல்லை.

இப்பொக்ரான் நிகழ்ச்சியே நம் பொருளுக்கு உரைகல்லாக அமைகிறது. நிலத்தடி வெடிப்பை முதலில் உணர்வன நில அதிர்வு மானிகள். நமக்கு அணித்தே கர்நாடகத்தின் கௌரிபிதனூரில், பாபா அணு ஆராய்ச்சி மையம் 1965-இல் பிரித்தானிய ஒத்துழைப்போடு நிறுவிய அதிர்வுமானிகளின் அணிவரிசை உள்ளது. உலகின் பிற பகுதிகளில் நிகழும் அணுவெடிப்புகளின் அதிர்வைக் கேட்பதே அதன் பணி. 1998 மே 11 வெடிப்பின் அதிர்வை உலகெங்கும் மானிகள் பதிந்தன. அன்றைய மொத்த ஆற்றல் ஏறத்தாழ 60 கிலோ டன் என நம் அறிவியலார் அறிவித்தனர். வெளிநாட்டு ஆய்வாளர் பலர் அதில் பாதிக்கும் குறைவாகக் கணித்தனர். மே 13 நிகழ்ச்சியோ இதனினும் வியப்புக்குரியது. ஒரு கிலோ டன்னுக்கும் குறைந்த இரண்டு சாதனங்கள் வெடிக்கப்பட்டன என்று அரசே அறிவித்திருக்க, 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் பாகிஸ்தானின் நிலோரில் இருந்த நுண்ணிய மானி கூட அதனை உணரவில்லை. பாறையின் தன்மை, வெடித்த ஆழம், மணலின் நெகிழ்ச்சி ஆகியன அதிர்வை விழுங்கிவிடும். அறிவித்த வெடிப்பே காதில் விழாதபோது, அறிவிக்காத ஒன்றை எங்ஙனம் கேட்பது?

மே 11 ஆற்றல் பற்றிய வழக்கும் அதிர்வுமானியோடு முடியவில்லை. வெடித்த இடத்தில் துளையிட்டெடுத்த பாறைத் துண்டுகளின் கதிரியக்கத்தை அளந்து, தம் முந்தைய கணக்கை உறுதி செய்வதாகப் பாபா மையத்தார் 1999-இல் எழுதினர். அச்சோதனையில் பங்கேற்ற கே. சந்தானம் என்னும் அறிவியலார் 2009-இல், வெப்ப அணுக்கருச் சாதனம் எதிர்பார்த்த அளவு ஆற்றலைத் தரவில்லை என்று பொதுவில் கூறினார். சிதம்பரம் அதனை மறுத்தார். யார் கூற்று மெய் என்று தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கில்லை. நாம் நோக்க வேண்டுவது, இரு தரப்பாரும் இறுதியில் மண்ணையும் பாறையையுமே சான்றுக்கு அழைத்தனர் என்பது. ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே, நண்பர்களுக்குள்ளேயே இவ்வழக்கு எழுமாயின், பகை நாடுகளுக்கிடையே ஐயம் எழும்போது பிழைபட்ட சான்று எத்தகைய கேட்டினை விளைக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மந்த வாயுக்கள் ஏன் சான்றாகின்றன?

குண்டு வெடித்தவுடன் சுற்றியுள்ள பாறை உருகிக் கண்ணாடியாக இறுகுகிறது. பெரும்பாலான கதிரியக்கப் பொருள்கள் அக்கண்ணாடியில் சிறைப்பட்டுவிடும். சிறைப்படாதவை செனான், ஆர்கான் முதலிய மந்த வாயுக்கள். பாடநூல்கள் இவற்றுக்கு இட்ட ‘மந்தம்’ என்னும் அடைமொழி நமக்கு உவப்பானதன்று. ஆயினும் பொருள் பிழையன்று. ஆர்கான் என்னும் பெயர் கிரேக்கத்தில் சோம்பல் உடையது என்றும், செனான் என்பது அயலவன் என்றும் பொருள்படுவன. செனானை 1898-இல் இராம்சேயோடு சேர்ந்து கண்டறிந்த டிராவர்ஸ், பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக வந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. இவ்வாயுக்கள் பிற தனிமங்களோடு எளிதில் கூடா. எதனோடும் ஒட்டாமையால் பாறையோடும் ஒட்டாமல், நீரிலும் பெரிதும் கரையாமல், விரிசல் கண்ட வழியே மேலே வருகின்றன.

இவற்றுள் செனான்-133, செனான்-135, அன்றியும் செனான்-131, செனான்-133 ஆகியவற்றின் கிளர்ந்த நிலைகள் என நான்கு சான்றாகக் கொள்ளப்படுகின்றன. இவை யுரேனியமோ புளுட்டோனியமோ பிளவுறும்போது தோன்றுவன. செனான்-135-இன் அரை ஆயுட்காலம் 9 மணி நேரம், செனான்-133-க்கு 5.2 நாட்கள், கிளர்ந்த செனான்-131-க்கு ஏறத்தாழ 12 நாட்கள். ஆர்கான்-37 வேறு வகையது. அது பிளவினால் பிறப்பதன்று. குண்டிலிருந்து பாயும் நியூட்ரான்கள் பாறையிலுள்ள கால்சியத்தைத் தாக்குவதால் பிறப்பது. அதன் அரை ஆயுட்காலம் 35 நாட்கள். ஐந்தரை மாதங்களுக்கு மேலும் முப்பதில் ஒரு பங்களவு எஞ்சியிருக்கும். செனான் மறைந்த பின்னரும் ஆர்கான் நின்று சான்று பகரும் என்பதால் அதற்கு மதிப்பு மிகுதி. ஆனால் அது சிதையும்போது வெளியிடும் ஆற்றல் மிகக் குறைவு. அதனை அளத்தல் அரிது. வாகனத்தில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டு செல்லத்தக்க ஆர்கான் அளவிடும் கருவியைச் சீன அறிவியலார் உருவாக்கியுள்ளனர்.

புயலும் பூமியின் மூச்சும்

நானூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு வாயு யாங்ஙனம் மேலே வரும்? இதனை அறிய 1993 செப்டம்பர் 22 அன்று நெவாடாவில் அரியதோர் ஆய்வு நடந்தது. அணுகுண்டுக்கு மாற்றாக ஒரு கிலோ டன் அளவுக்கு வேதி வெடிமருந்தை ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில் வெடித்தனர். அதனருகே அடையாளத்துக்காக இரு வாயுக்களை வைத்திருந்தனர்: ஒன்று மிக இலேசான ஹீலியம்-3, மற்றொன்று மிகக் கனமான கந்தக ஹெக்சாஃபுளூரைடு. எது முதலில் மேலே வரும் என்று வினவினால் நம் மாணவர் அனைவரும் இலேசானதே என்பர். நிகழ்ந்தது மறுதலை. கனமானது 50 நாட்களில் வந்தது. இலேசானது 375 நாட்கள் கழித்தே வந்தது.

காரணம் அறிதற்குரியது. இலேசான வாயு எளிதில் பரவும் இயல்புடையது ஆகலின், விரிசல் வழியே ஏறும்போதே பக்கத்துப் பாறையின் நுண்துளைகளுக்குள் புகுந்து சிதறிவிடுகிறது. கனமானது பரவுதலில் மெதுவானது. அதனால் விரிசலைவிட்டு விலகாமல் மேலே வந்தது. மேலே உந்தியது எது? வளிமண்டல அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. புயற்சின்னம் நெருங்கும்போது வளியழுத்தம் குறைகிறது. நிலம் உள்ளிருக்கும் காற்றை வெளிவிடுகிறது. அழுத்தம் மிகும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தபோது, மயிலமும் திண்டிவனமும் விழுப்புரமும் வெள்ளத்தில் மிதந்ததை நாம் கண்டோம். அதற்கு முன் வளியழுத்தம் வீழ்ந்த நேரத்தில், நம் காலடி நிலமும் நீண்டதொரு மூச்சை வெளிவிட்டிருத்தல் வேண்டும். அதனைக் கண்டவர் எவருமிலர். ‘கிணறு மூச்சு விடுகிறது’ என்று பழைய கிணறு வெட்டிகள் கூறக் கேட்டு நகைத்த நாம், இவ்வாய்வைப் படித்தபின் நகைப்பதில்லை.

இயற்கையே எழுதும் இடைச்செருகல்

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. மேற்கூறிய ஆர்கானும் செனானும் குண்டினால் மட்டுமே பிறப்பன அல்ல.

விண்ணிலிருந்து இடையறாது வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களைத் தோற்றுவிக்கின்றன. அந்நியூட்ரான்கள் மேல்மண்ணிலுள்ள கால்சியத்தைத் தாக்க, அங்கும் ஆர்கான்-37 பிறக்கிறது. குண்டு செய்யும் அதே வினையை வானமும் ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கிறது. வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒரு மில்லிபெக்கரல் அளவில், அஃதாவது ஏறத்தாழ 17 நிமிடங்களுக்கு ஓர் அணு சிதையும் அளவில், இவ்வாயு உள்ளது. மண்ணிடைக் காற்றிலோ அதனினும் பன்மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு வரை மிகுந்திருத்தலைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் அளந்து 2011-இல் வெளியிட்டனர். மேற்பரப்பிலிருந்து இரண்டு மீட்டர் ஆழத்தையொட்டி இவ்வளவு உச்சம் அடைகிறது. இதனை அறியாத ஆய்வாளர் ஒருவர் ஐயத்துக்குரிய நிலத்தில் குழாய் இறக்கி, வெளிக்காற்றினும் நூறு மடங்கு ஆர்கான்-37 கண்டால், குண்டு வெடித்தது என்றே எழுதிவிடுவார். வானம் எழுதியதை மனிதன் எழுதியதாகப் படித்துவிடும் பிழை அது.

செனானும் அத்தகையதே. யுரேனியம்-238 எவரும் தூண்டாமல் தானே பிளவுறும் இயல்புடையது என்பதை 1940-இல் சோவியத்து அறிவியலார் பிளெரோவும் பெட்ரசாக்கும் கண்டனர். அப்பிளவு மிக மிக அரிதாகவே நிகழ்வது; ஆயினும் யுரேனியம் மிகுந்த கருங்கல் நிலத்தில் அதனால் பிறக்கும் செனான், நுண்ணிய கருவிக்குத் தென்படும். இதற்குமேல் மனிதர் கலக்கும் செனானும் உண்டு. அணு மின்நிலையங்கள் தம் புகைபோக்கி வழியே சிறிதளவு மந்த வாயுக்களை வெளியிடுதல் இயல்பு. மருத்துவமனைகளுக்கு வேண்டிய மாலிப்டினம்-99 தயாரிக்கும் ஒருசில ஆலைகள் அவற்றினும் மிகுதியாகச் செனானை வெளியிடுகின்றன. நோயாளிக்கு மருந்தாவது கண்காணிப்பாளருக்குத் தொல்லையாகிறது.

அப்படியாயின் உண்மையைப் பிரித்தறிவது எங்ஙனம்? தனி அளவை விடுத்து விகிதத்தைப் பார்க்கின்றனர். இயற்கைப் பிளவு இடையறாது நிகழ்வதால், அதில் பிறக்கும் செனான் வகைகள் தம்முள் மாறாத விகிதத்தில் நிற்கும். குண்டிலோ அனைத்தும் ஒரே நொடியில் பிறந்து, ஒவ்வொன்றும் தன் தன் ஆயுளுக்கேற்பக் குறைந்துகொண்டே வரும். ஆகவே விகிதம் நாளுக்கு நாள் மாறும். மாறும் விகிதத்திலிருந்து வெடித்த நாளையும் கணிக்கலாம். ஆர்கானுக்கு இவ்வழி இல்லை. அதற்கு அந்நிலத்தின் கால்சிய அளவையும், கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும், ஈரத்தையும் கணக்கிட்டு இயற்கையின் பங்கு இவ்வளவு என முன்னரே வரையறுத்தல் வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. அளவீட்டுக்கு இடையூறு என விலக்கப்படும் ரேடானே ஒருவகையில் உதவுகிறது. எடுத்த காற்றில் ரேடான் நிறைந்திருந்தால் அது மெய்யாகவே மண்ணிடைக் காற்று. குறைந்திருந்தால் குழாயின் ஓரத்தில் வெளிக்காற்று புகுந்துவிட்டது எனத் தள்ளிவிடலாம்.

வடகொரியா தந்த பாடம்

இம்முறைகளின் வலிமையும் மெலிவும் வடகொரியச் சோதனைகளில் வெளிப்பட்டன. 2006 அக்டோபர் 9 சோதனைக்குப் பின் ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்து, பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் கனடாவின் எல்லோநைஃபில் இருந்த நிலையம் செனானைக் கண்டது. 2009 மே 25 சோதனை அதனினும் வலியது. அதிர்வுமானிகள் ஐயமின்றிப் பதிந்தன. செனானோ எங்கும் அகப்படவில்லை. வெடிப்பிடம் நன்கு அடைபட்டிருந்தது போலும். 2013 பிப்ரவரி 12 சோதனையில் தொடக்கத்தில் ஒன்றும் தென்படவில்லை. 55 நாட்கள் கழித்து ஏப்ரலில் ஜப்பானின் தகாசாக்கியில் செனான் வந்தது. விகிதத்தைக் கணித்தபோது வயது பொருந்திற்று. சான்று வராமையால் குற்றமே நிகழவில்லை என்று கொள்ளுதலும் தவறு என்பதற்கு 2009 எடுத்துக்காட்டு.

ஐயத்துக்குரிய நிலத்துக்கே சென்று மண்ணிடைக் காற்றை எடுத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். 1996 செப்டம்பர் 24 அன்று கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட முழுமையான சோதனைத் தடை உடன்படிக்கை அதற்கு வழி வகுத்துள்ளது. 1000 சதுரக் கிலோமீட்டர் வரையிலான பரப்பில் ஆய்வாளர் குழு நேரில் தேடலாம். அதற்கான ஒத்திகைகள் 2008-இல் கசகஸ்தானிலும் 2014-இல் ஜோர்டானிலும் நடந்தன. உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை ஆகலின் மெய்யான ஆய்வு ஒன்றும் நடந்ததில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் வடகொரியாவும் கையொப்பமிடவில்லை. கையொப்பமிட்டும் அமெரிக்கா, சீனா முதலிய நாடுகள் உறுதி செய்யவில்லை. உறுதி செய்திருந்த இரசியா 2023-இல் அதனைத் திரும்பப் பெற்றது. இந்தியா கையொப்பமிடாமைக்கு அரசு கூறும் காரணங்கள் உள்ளன. அவற்றை அரசியல் அறிவியல் துறையாரிடம் விடுவோம்.

நம் மண்ணில் எவ்வளவு?

திந்திரிணி வனம் என்னும் புளியங்காடு திண்டிவனமாயிற்று என்பர். அப்புளியங்காட்டு மண்ணில் குழாய் இறக்கினால் என்ன கிடைக்கும்? இங்குள்ளவை பழமையான கருங்கற்பாறைகளும் அவை சிதைந்த செம்மண்ணும். தெற்கே திருவக்கரைப் பக்கம் சென்றால், 1781-இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னேரா குறித்து வைத்த கல்மரங்கள் கிடக்கும் மணற்பாறை. பாறை மாறுந்தோறும் யுரேனியம் மாறும், ரேடானும் மாறும். ஆர்கானைப் பொறுத்தவரை நமக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நிலநடுக்கோட்டை அடுத்த தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலம் அண்டக் கதிர்களை வலுவாகத் தடுக்கிறது. இது குறித்து உதகமண்டலத்தில் உள்ள டாட்டா நிறுவனத்தின் அண்டக் கதிர் ஆய்வகம் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறது. எனவே கடல்மட்டத்துக்கு அண்மையிலுள்ள நம் செம்மண்ணில், ஆல்ப்சு மலை நாட்டினும் ஆர்கான்-37 குறைவாகவே இருக்கும் என எதிர்பார்க்கலாம். அரியலூர்ச் சுண்ணாம்பு நிலத்தில் கால்சியம் மிகுதியாகலின் நம்மினும் அங்கு மிகும். ஐரோப்பாவில் வரையறுத்த இயற்கை அளவை அப்படியே எடுத்து நம் நாட்டுக்குப் பொருத்தினால் கணக்குத் தவறும். பெர்னில் எழுதிய ஏட்டைக் கொண்டு அரியலூர் ஏட்டைத் திருத்துவது போன்றது அது.

ஆர்கானை அளக்கும் கருவி நம் போன்ற கல்லூரிக்கு எட்டாதது. ரேடானை அளப்பது எட்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கையாளும் எளிய முறை ஒன்றுண்டு. ஆல்ஃபாத் துகள் பட்ட இடத்தில் தழும்பு ஏற்கும் பிளாஸ்டிக் படலத் துண்டை ஒரு குவளையின் உட்பக்கம் ஒட்டி, குவளையைக் கவிழ்த்துக் குழியில் புதைத்துச் சில வாரங்கள் விட்டுவிட வேண்டும். பின்னர் எடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தழும்புகள் விரிந்து நுண்ணோக்கியில் புள்ளிகளாகத் தெரியும், எண்ணிக் கணக்கிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறையும், மழையில் மேல்மண் நனைந்து வாயு வெளியேறும் வழி அடைபட்ட பின் ஒரு முறையும், திருவக்கரை மணற்பாறையில் ஒரு குழியும் கல்லூரித் திடலில் ஒரு குழியுமாக, இயற்பியல் துறை மாணவர்கள் இதனைச் செய்து பார்க்க முன்வருவார்களாயின், குழிக்கு நாள் குறித்துப் பதிவேடு எழுதும் பணியைத் தமிழ்த்துறை மாணவர்கள் ஏற்றுக்கொள்வர்.